பயந்தால் அனுப்புகிறேன்

குதிரை மேல் உட்கார்ந்து பந்து அடிப்பதைத் தொழிலாக வைத்திருந்தவன் நான். போலோ என்று பெயர். அதில் சாம்பியன் என்று நாலைந்து கோப்பைகளும் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம், தியாகதுருகத்தில் இதைச் சொன்னால் முதல் கேள்வி, "அதுக்குப் பென்ஷன் உண்டா?" என்பதுதான். உண்டு என்றதும் மரியாதை வந்துவிடும். அதற்கு மேல் குதிரையும் தேவையில்லை, பந்தும் தேவையில்லை.

எனக்குக் குதிரை என்றால் பயம். இதை அவையடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், ஆள் குள்ளம், எடையும் கம்மி என்று பார்த்துக் குதிரைகள் உள்ள பிரிவில் போட்டார்கள். வீட்டில் ஒரு ஜோடி உழவு மாடு உண்டு என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னதும் ஒரு காரணம். மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே புரிந்துவிட்டது. மாடு முட்டுவதற்கு முன் கொஞ்சமாவது கோபப்படும். குதிரைக்குக் கோபமே வேண்டாம். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் போதும், நம்மைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

புத்தகங்களில் குதிரை வேறு மாதிரி வரும். நான் நிறையப் படிப்பவன். எந்தச் சரித்திரக் கதையிலும் வீரன் குதிரையில் ஏறும் வர்ணனை இருக்கும். ஏறுவதற்கு முன் அவன் கை வியர்த்தது, சேணத்தின் வாரை மூன்றாவது தடவையாக இழுத்துப் பார்த்தான் என்று யாரும் எழுதியதில்லை. அதையெல்லாம் நான் செய்தேன். ஓய்வுபெறும் நாள் வரைக்கும் செய்தேன்.

போலோவில் அணிக்கு நான்கு பேர். முன்னால் போகிறவன் ஒன்றாம் எண். எல்லோருக்கும் பின்னால் நின்று கோல் கம்பத்தைக் காப்பவன் நான்காம் எண். நான் நான்காம் எண். வேறு எதுவாக இருந்திருக்க முடியும்? மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். எவன் என் மேல் வந்து விழப்போகிறான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி திரும்பப்போகிறான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். எங்கள் பயிற்சியாளர் அதை ஆட்டத்தைப் படிக்கும் அறிவு என்றார். நான் மறுக்கவில்லை. பயத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைக்கும்போது மறுப்பானேன்?

என் அணியில் இரண்டாம் எண்ணாக ஒருவன் இருந்தான். எங்கள் எல்லோரையும்விட நல்ல ஆட்டக்காரன். பயம் என்றால் என்ன என்று உட்காரவைத்து விளக்கினாலும் அவனுக்குப் புரியாது. ஒரு நாள் வெறும் பயிற்சி ஆட்டம். கோப்பையும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. முழு ஓட்டத்தில் அவன் குதிரையின் முன்னங்கால் ஒரு குழியில் போய் மடங்கியது. குதிரை அவன்மேல் புரண்டு, எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு புல் மேய ஆரம்பித்தது. அவன் எழவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். கண் திறந்தபடி இருந்தது. அந்தக் கண்ணில் அப்போதும் பயம் இல்லை. ஏதோ கேட்க வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். பயப்படுகிறவன் பிழைப்பான். பயப்படாதவன் போய்விடுவான். உலகத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். எனக்கு இது. இதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் காலை குதிரை ஏறினேன், அதற்குப் பிறகும் பல வருடம் ஏறினேன்.

என் மகளுக்குப் பயம் கிடையாது.

குதிரை லாயத்தின் பக்கத்திலேயே வளர்ந்தவள். தவழும் வயதில் குதிரையின் வயிற்றுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சிரித்தவள். என் மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் முதுகுத்தண்டில் ஓர் எறும்பு ஊரும். ஓய்வுபெற்று வந்து கள்ளக்குறிச்சியில் வீடு கட்டியதற்கு நான் வெளியில் சொன்ன காரணம் தண்ணீர் வசதி. உண்மைக் காரணம், சுற்றுவட்டாரத்தில் ஒரு குதிரைகூடக் கிடையாது.

இரண்டு வருடம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு வடக்கிலிருந்து பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். நான் பட்டாளத்தில் இருந்தபோது என் கையால் பழக்கிய பெட்டைக் குதிரை ஒன்று, காலில் நரம்பு வீங்கி ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்களாம், வேண்டுமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நாசூக்காகத் தள்ளிவிடலாம் என்றிருந்தேன். மறுபடி அவர் கூப்பிட்டபோது போனை எடுத்தவள் மகள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் லாரி பேசியாகிவிட்டது.

குதிரை நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் என் மச்சானின் கரும்புக் காட்டுக்கு வந்து இறங்கியது. மச்சான் என் மனைவியின் தம்பி. மாட்டுக் கொட்டகையில் ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்தான். போலோ குதிரைக்குப் பிடரி மயிரை ஒட்ட வழித்துவிடுவார்கள், மட்டையில் சிக்காமல் இருக்க. அதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

"இன்னாங்க, மொட்ட அடிச்சிக்கினு வந்துகீது? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

"மாப்ள அழைப்புக்கு வுடுவீங்களா? செண்ட மேளத்தோட சேத்து ரேட்டு சொல்லுங்க."

மச்சான் இந்த இரண்டாவது யோசனையைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். வெடிச் சத்தத்தில் மாப்பிள்ளையின் கதி என்னவாகும் என்று விளக்கினேன். "நம்ம சனத்துல செல பேருக்கு அது தேவதான் மாமா" என்றான்.

கோடையில் ஏரி வற்றினால் ஊருக்குக் கஷ்டம், என் மகளுக்கு மைதானம். காய்ந்த ஏரிக்குள் காலையிலும் சாயங்காலமும் குதிரையை ஓட்டி, மூங்கில் மட்டையால் பந்தை அடித்துக்கொண்டு திரிந்தாள். நான் கரையில் நின்றுகொண்டிருப்பேன். காவலுக்கு என்று நினைத்துக்கொள்வேன். அவள் விழுந்தால் கரையில் நிற்கும் நான் என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் கரையை விட்டுப் போக முடியவில்லை. வீட்டில் இருந்தால் இன்னும் மோசம். வீட்டில் என் கற்பனை ஓடும். கரையில் குதிரை மட்டும்தான் ஓடியது.

அந்தக் குதிரையின் பெரிய குணம் ஒன்று உண்டு. போலோவில் எதிராளியின் குதிரையோடு தோளுக்குத் தோள் சேர்ந்து ஓடி, அவனை அப்படியே பக்கவாட்டில் தள்ளி, பந்தை விட்டு விலக்கிவிடலாம். விதியில் இடம் உண்டு. நாங்கள் அதைத் தோள் போடுவது என்போம். பக்கத்தில் சமவேகத்தில் யாராவது வந்தால் இந்தக் குதிரை தானாகவே தோள் போடும். நாம் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலை இறுக்கினால் போதும், இன்னும் முட்டித் தள்ளும். ஆள் நகரும்வரை விடாது. அப்படிப் பழக்கியவன் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள். "ப்பா, கூப்ட்டுட்டாங்க. அடுத்த மாசம் வரச் சொல்றாங்க."

"யாரு?"

"இன்னாப்பா யாரு? டீமுதான். வடக்குல பொம்பளைங்க போலோ டீமு. மூணாம் நம்பர் தராங்க."

மூன்றாம் எண் என்பது எல்லா மோதலுக்கும் நடுவில் இருக்கும் இடம். கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"அனுப்ப முடியாது" என்றேன்.

என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள், "ஏன்?"

"அவளுக்குப் பயமே இல்ல. பயம் இல்லாதவங்க அங்க தங்க மாட்டாங்க." அந்த இரண்டாம் எண் ஆட்டக்காரனைப் பற்றி மறுபடி சொன்னேன். அவர்கள் இருவருக்கும் அது மனப்பாடம்.

"அந்தப் புள்ள பயந்துகினு இருந்திருந்தா, குதிர காலு குழியில போவாம இருந்திருக்குமா?" என்றாள் மனைவி.

என் தத்துவத்தை இவ்வளவு சுலபமாகத் தட்டிப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியாது. குரலை உயர்த்தினேன். பதில் இல்லாதபோது அதுதானே வழக்கம்?

"நீங்க ஆடுனீங்களே அத்தினி வருசம்," என்றாள் அவள், "அப்ப எனக்குப் பயம் இல்லியா? உங்களப் போவக் கூடாதுன்னு நான் சொன்னனா?"

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன். "குதிர மேல உண்மையா பயந்தேன்னு நீ என்னிக்கி வந்து சொல்றியோ, அன்னிக்கி அனுப்புறேன்."

மகள் உடனே இரண்டு கையையும் ஆட்டி, "ஐயோ, பயமா இருக்குதே! ஐயோ, அப்பா!" என்று நடித்தாள்.

"பொய் சொன்னா மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

மச்சானும் அன்று சாப்பிட வந்திருந்தான். "உலகத்துல அப்பன்காரனெல்லாம் பொண்ணுக்குத் தைரியம் சொல்லிக் குடுப்பான். நீங்க ஒருத்தர்தான் மாமா பயத்துக்குப் பரீட்ச வெக்கிறீங்க" என்றான். பாஸ் ஆக முடியாத பரீட்சை என்ற நம்பிக்கையில்தான் வைத்தேன்.

வெயில் ஏற ஏற ஏரித் தரை சிமென்ட் மாதிரி ஆகிவிட்டது. குதிரையின் பழைய வீக்கம் திரும்ப வந்தது. மச்சானுக்கு மலைமேல் இருக்கும் கரியாலூரில் தெரிந்த விவசாயி ஒருவர் இருந்தார். மரவள்ளி பிடுங்கிய நிலம் புல் முளைத்துச் சும்மா கிடக்கிறது, மேலே குளிர்ச்சியாகவும் இருக்கும், மழை வரும்வரை கொண்டுவந்து விடுங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மினி லாரியில் குதிரையை ஏற்றினோம். மகள் லாரியில். நானும் மச்சானும் பின்னால் அவன் பைக்கில்.

கல்வராயன் மலை அடிவாரம் தாண்டி இரண்டு மூன்று வளைவு ஏறியதும் லாரி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்தார்.

"சார், இதுக்கு மேல நான் வர்லீங்க. ஒவ்வொரு வளைவுலயும் அது ஒரு பக்கமா சாயுது. கூடவே வண்டியும் சாயுது. எனக்குப் புள்ள குட்டி கீது சார்."

எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றேன்.

"குதிரய இறக்குங்க. நான் ஏறிப் போறேன்" என்றாள் மகள்.

"மல ரோட்டுலயா?"

"குதிரதானப்பா? மலயேறாதா?"

நான் யோசிக்கத் தொடங்கினேன். ஆபத்துகளை யோசிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தாரில் லாடம் வழுக்கலாம். குரங்கு குறுக்கே ஓடலாம். பஸ் வளைவில் ஹாரன் அடிக்கலாம். யாராவது வீசிய சிப்ஸ் பாக்கெட் பறக்கலாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா" என்றாள். தலைக்கவசத்தின் வாரை நானே இழுத்துக் கட்டினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் அவள், பின்னால் கொஞ்சம் இடம் விட்டு எங்கள் பைக்.

போகப் போக மலை இடது பக்கம் செங்குத்தாக எழுந்தது. ரோட்டுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சின்ன கால்வாய். வலது பக்கம் தடுப்புக் கல். சில இடங்களில் கல்லும் இல்லை. அதற்கப்பால் மரங்களின் உச்சி தெரிந்தது. மரத்தின் உச்சியை மேலிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

"மாமா," என்றான் மச்சான், "வயித்த வுடுங்க. மூச்சு வுட முடியல."

அப்போதுதான் கவனித்தேன், அவன் வயிற்றை நான் கட்டிப் பிடித்திருந்தேன். விட்டேன். இரண்டு நிமிடத்தில் கை தானாகத் திரும்பப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க வரும் கூட்டம் அதிகம். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. குதிரை ஒன்றுக்கும் அசையவில்லை. மகள் முதுகை நேராக வைத்து, ஒரு கையில் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடாத குறையாகப் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு எதைக் காட்டினால் பயம் வரும் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

எங்களைத் தாண்டி ஒரு பைக் போனது. ஓட்டுகிறவன், பின்னால் அவன் மனைவி, இருவருக்கும் நடுவில் ஒரு சின்னக் குழந்தை. குதிரையைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம். கடந்து போகாமல் குதிரையின் வலது பக்கத்தில் போய் வேகத்தைக் குறைத்துக் கூடவே ஓட்டினான்.

"வீடியோ எடு, வீடியோ எடு! பாப்பாவையும் சேத்து எடு!"

அந்தப் பெண் ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் போனையும் பிடித்தாள். பக்கத்தில், சமவேகத்தில், தோளுக்குத் தோள்.

குதிரையின் காதுகள் பின்னால் மடிந்தன.

அந்தக் காதுகளை எனக்குத் தெரியும். குரங்கு, பாக்கெட், ஹாரன், லாடம் என்று எல்லாவற்றையும் சொன்னவன் இதைச் சொல்லவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆபத்துகளின் வரிசையில் இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குதிரையின் நல்ல குணங்களின் வரிசையில் அல்லவா இதை வைத்திருந்தேன்? வேறு யாராக இருந்தாலும், இந்தக் குதிரை பக்கத்தில் வருகிறவனை இடிக்குமா என்று முதலில் கேட்டிருப்பார்கள்.

குதிரை தோள் போட்டது.

பைக் ஆடியது. அவன் ஏய், ஏய் என்று கத்தினான். பிரேக் போட்டிருந்தால் முடிந்திருக்கும். பயத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேடேறும் வண்டி எவ்வளவு ஓடும்? குதிரை அதே வேகத்துக்கு எட்டிப் போட்டு, விடாமல், ஒரு சாண் ஒரு சாணாக அவர்களை வலது பக்கம் நகர்த்தியது. தடுப்புக் கல் இல்லாத இடம் முன்னால் தெரிந்தது.

மகள் வாரை இடது பக்கம் இழுத்தாள். குதிரை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. அவள் இடது கால். அது குதிரையின் விலாவில் இடுக்கி மாதிரி இறுகியிருந்தது. இடது காலை இறுக்கினால் குதிரைக்கு ஒரே அர்த்தம்தான், வலது பக்கம் இன்னும் தள்ளு. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முகம் வேண்டியிருக்கவில்லை. கழுத்து, தோள், கால் எல்லாமே இறுகிப்போயிருந்தன. என் மகள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பயந்துகொண்டிருந்தாள். எந்தப் பயம் ஆளைக் காப்பாற்றும் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனோ அந்தப் பயம், ஒரு குடும்பத்தைப் பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"காலை வுடு! காலை வுடு!" என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை.

"மாப்ள, லெப்டுல போ! பாறப் பக்கம் போ!"

"எங்க மாமா எடம்?"

"போடா!"

அந்தக் குதிரையின் இன்னொரு பழக்கமும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆள் வந்தால், பிந்தி வந்தவன்மேல்தான் சாயும். மச்சான் முறுக்கினான். குதிரை வலது பக்கம் நகர்ந்ததில் கால்வாய்க்கும் அதற்கும் நடுவில் ஒரு பைக் நுழையும் அளவுக்குத்தான் இடம். அதில் நுழைந்தோம். என் முழங்கால் குதிரையின் விலாவில் உரசியது. மகளின் இறுகிய கால் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு கையாலும் அவள் கணுக்காலைப் பிடித்து, குதிரையிலிருந்து பிய்த்து வெளியே இழுத்தேன்.

குதிரை எங்களைப் பார்த்தது. அந்தக் கண்ணில் பழைய அறிமுகம் தெரிந்த மாதிரி இருந்தது. உடனே எங்கள்மேல் தோள் போட்டது.

வலது பக்கம் இடம் கிடைத்ததும் அந்த பைக் தப்பித்து முன்னால் பாய்ந்தது. நாங்கள் கால்வாய்க்குள் போனோம். பாறை என் சட்டையைக் கிழித்தது, சைலன்சர் காலைச் சுட்டது, மச்சான் என்மேலும் வண்டி மச்சான்மேலுமாகக் கிடந்தோம். குதிரை ஆட்டத்தில் ஜெயித்த திருப்தியோடு நாலடி போய் நின்று, பாறையிடுக்கில் இருந்த புல்லைக் கடித்தது.

மேலே கொஞ்ச தூரத்தில் அந்த பைக் ஓட்டியவன் நிறுத்திவிட்டுத் திட்டினான். "குதிரயா எருமயா அது? ரோட்டுக்கு இட்டாந்துகிறீங்க!" அவன் மனைவி குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறு கையால் அவன் முதுகிலேயே இரண்டு போட்டாள். "ஒன்ன யாருய்யா கூடவே ஓட்டச் சொன்னது? வீடியோவாம் வீடியோ!" குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. போய்விட்டார்கள்.

"உசுரு கீதா மாமா?" என்றான் மச்சான்.

"தெரியல."

"பேசறீங்க. அப்ப கீது."

எழுந்து மகளிடம் போனேன். இறங்கி நின்றிருந்தாள். வாரைப் பிடித்த விரல்கள் திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

"இந்தப் பக்கம்தாம்பா இழுத்தேன். கேக்கல."

"ம்."

"காலு..." என்று நிறுத்தி, தன் இடது காலைக் குனிந்து பார்த்தாள். "இறுக்கிட்டேனா?"

"ஆமா."

"எனக்குத் தெரியவே இல்லப்பா. அந்தக் குழந்த இந்தா, இங்க இருந்துச்சி. கைய நீட்டுனா தொடலாம்." நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "பயந்துட்டேம்பா" என்றாள்.

முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை.

இந்த நாளுக்காக நான் ஒரு சின்னப் பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். பயம் எப்படி நண்பன், எப்படிக் கண்ணைத் திறக்கும் என்றெல்லாம். ஒரு வரிகூட வாயில் வரவில்லை. நான் ஆடிய காலத்தில் என் கால் எத்தனை தடவை இப்படி எனக்குத் தெரியாமல் இறுகியிருக்கும்? என் குதிரை எத்தனை பேரை என்னைக் கேட்காமல் தள்ளியிருக்கும்? மைதானத்தின் ஓரத்தில் பள்ளம் இல்லை, புல்தான் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அதைத்தான் இத்தனை வருடம் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் போவல," என்றாள். "டீமுக்குச் சொல்லிடு."

எதற்காக அத்தனை நாள் வாதாடினேனோ அது கையில் வந்து விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் சந்தோஷமாகவே இருந்தது. அவள் கள்ளக்குறிச்சியில் இருப்பாள். ஏதாவது வேலைக்குப் போவாள், ஸ்கூட்டர் ஓட்டுவாள். ராத்திரி நான் தூங்குவேன். அவளைப் பார்த்தேன். தோளைக் குறுக்கிக்கொண்டு, குதிரையைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்து நின்றாள். அப்படி ஒரு பெண்ணை என் வீட்டில் நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணோடு இருப்பதற்கும் எனக்குப் பயமாக இருந்தது.

"சரி, மொதல்ல குதிரய மேல கொண்டுபோவணும்" என்றேன். "நான் ஏறிக்கிறேன்."

ஓய்வுபெற்ற பிறகு நான் குதிரை ஏறியதில்லை. சேணத்தில் தொங்கும் மிதிவளையத்தில் காலை வைத்தேன். முழங்கால் அடிபட்டிருந்தது. உந்தினேன். பாதி உயரம் போய், வயிற்றால் சேணத்தின் மேல் மூட்டை மாதிரி தொங்கினேன். எந்தப் பக்கம் விழுவது என்று தெரியவில்லை. கீழே மரங்களின் உச்சி தெரிந்தது.

"சாம்பியன் மாமா," என்றான் மச்சான், "போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பட்டா?"

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இறங்குப்பா. வுழுந்துடுவ." நான் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். அவள் வாரைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, குதிரையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பக்கத்துல வண்டி வந்தா கால இன்னா பண்றது?"

"தொங்க வுட்டுடு. பிழியாத ஈரத்துணி மாதிரி."

"பயத்துலயும் அப்டி வுட முடியுமா?"

"எனக்கு முடிஞ்சுதான்னு தெரியல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் தளர்ந்து தொங்கின, ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தன. என் கண்ணுக்கே தெரிந்தது, குதிரைக்குத் தெரியாமலா இருக்கும்? அது காதை முன்னால் வைத்து நின்றது.

"டிக்கெட் போட்டுக்க," என்றேன். "பயந்தா அனுப்புறேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்."

"அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றாள், திரும்பாமல்.

குதிரை நடந்தது. மச்சான் வண்டியைக் கால்வாயிலிருந்து தூக்கி உதைத்தான். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைத்தான். அவளைப் போகாதே, இரு, நாங்கள் பின்னால் வருகிறோம் என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் வளைவில் திரும்பிவிட்டாள். குளம்புச் சத்தம் மட்டும் பாறையில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கும் சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தது, நீளமாக, அதே வளைவில். நான் மச்சானின் கையைப் பிடித்து உதைப்பதை நிறுத்தச் சொன்னேன். பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். புகை கலையும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு குளம்புச் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் மேலே, மெதுவாக, நடையில்.

"உதை" என்றேன் மச்சானிடம்.